பழைய ஃபியட்டைக் குறைந்த செலவில் மீட்டெடுப்பது எப்படி: பந்தய இதழில் தொடங்கிப் பட்டறை வரை முழுமையான வழிகாட்டி

ஃபியட் 1100-ன் இந்திய வடிவமான பிரீமியர் பத்மினியின் எஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவு 68 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 75 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1089 சி.சி. இதே எண்களை 1950களின் கடைசியில் வந்த ஐரோப்பியப் பந்தய இதழ்களில் வேறொரு காரின் பெயருக்குக் கீழே பார்க்கலாம். இத்தாலியின் மோதேனா நகரில் ஸ்டாங்குவெல்லினி பட்டறை கட்டிய ஃபார்முலா ஜூனியர் பந்தயக் கார் அது. சாலையில் ஓடும் கார்களிலிருந்து எடுத்த எஞ்சினைத்தான் பொருத்த வேண்டும் என்பது ஃபார்முலா ஜூனியரின் விதி. ஸ்டாங்குவெல்லினி தேர்ந்தெடுத்தது ஃபியட் 1100 எஞ்சினை. அதற்கும் முன்பே, 1946-ல், சிஸ்இத்தாலியா டி46 என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரும் ஃபியட்டின் 1100 எஞ்சினோடுதான் களத்தில் இறங்கியது.

மும்பையில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்த வண்டிக்கும், நம் ஊரில் புளிய மரத்தடியில் கண்டமாகி நிற்கும் வண்டிக்கும் இப்படி ஒரு பூர்வீகம் இருக்கிறது. இது பெருமைக்காகச் சொல்வது மட்டுமல்ல. பந்தயத்துக்குப் போன எஞ்சின் என்பதால் அதன் பலமும் பலவீனமும் அக்கால இதழ்களில் எழுத்தாகவும் படமாகவும் பதிவாகியிருக்கின்றன. பணம் குறைவாக வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது படிப்பது. மீட்டெடுப்பில் காசு கரைவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: பொருந்தாத உதிரிபாகத்தை வாங்குவது, வேலையைத் தவறான வரிசையில் செய்து திரும்பவும் பிரிப்பது. இரண்டையும் தடுக்கும் மலிவான கருவி காகிதம்தான்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஃபியட் 1100-103 மாடல் இத்தாலியில் 1953-ல் வந்தது. இந்தியாவில் பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதைத் தயாரித்தது. 1964-ல் டிலைட், பிறகு பிரசிடென்ட், 1974 முதல் பத்மினி என்று பெயர் மாறினாலும் அடிப்படை இயந்திரம் பெரிதாக மாறவில்லை. அதனால் டிலைட்டுக்குத் தேவையான பல பாகங்களைப் பத்மினியிலிருந்து எடுக்கலாம். குறைந்த செலவில் தொடங்குபவருக்கு இந்த வரிசையை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான். முன்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும் 1950களின் பழைய ஃபியட் பார்க்க அழகு. ஆனால் அதன் தகரமும் கண்ணாடியும் கிடைப்பது அரிது. அதை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடருக்கும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். சென்னையை ஒட்டித் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனிச் சட்டத்தின் மேல் பாடியைப் பூட்டிய வண்டி என்பதால் பிரிப்பது சுலபம். அது பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு என்பதால் அங்கிருந்து பாகம் வரவழைக்கவும் வழி உண்டு. ஆனாலும் இந்த வழிகாட்டி ஃபியட்டைப் பற்றியது.

ஓடாத முழு வண்டியா, ஓடுகிற அரைகுறை வண்டியா என்று கேட்டால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். எஞ்சினைச் சரிசெய்ய லேத் பட்டறை இருக்கிறது. முன் கிரில், விளக்கு வளையம், முக்குக் கண்ணாடியின் பிடி, டேஷ்போர்டு மீட்டர், குரோம் பட்டை இவற்றைச் சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பல ஃபியட்டுகளில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டி மலிவாகத் தெரிந்தாலும் தவிர்த்துவிடுங்கள். காரணம் கீழே காகிதங்கள் பகுதியில் வருகிறது.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், டார்ச், ஜாக்கி எடுத்துச் செல்லுங்கள். ஃபியட் 1100-க்குத் தனிச் சட்டம் கிடையாது. பாடியே எடையைத் தாங்குகிறது. அந்த எடையில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியில் இறங்குகிறது. அதனால் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்காமல் முதலில் குனிந்து சில்லைப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி (பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது என்று அர்த்தம். பிறகு உரிமையாளரின் அனுமதியோடு, ஜாக்கி வைக்கும் இடத்தில் வண்டியை மெதுவாகத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் இருந்தபோது சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் சில் உள்ளுக்குள் செத்துவிட்டது. விலையைக் குறைக்கவோ, கும்பிட்டுவிட்டு வரவோ இந்த ஒரு சோதனை போதும்.

தரைத்தகடு, பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள், மட்கார்டின் பின்முனை ஆகியவையும் துரு பிடிக்கும் இடங்கள். கடலோரத்தில் கிடந்த வண்டியைவிடக் கோவை, சேலம் பக்கத்து வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அது நஷ்டமாகாது.

காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவையோடு ஒத்துப்போக வேண்டும். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துப் பாருங்கள். கையால் திரும்பப் பொறித்த எண் கோணல்மாணலாகத் தெரியும். எரிபொருள் வகை, நிறம், அடமானக் குறிப்பு ஆகியவற்றையும் சரிபாருங்கள். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

சொந்த வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. வண்டியின் வயதைப் பொறுத்து இன்னும் கூடும் என்பதால் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டுவிடுங்கள். 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் தனிப் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லுபடி. 1974-ன் முதல் பத்மினிகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் மூன்றும் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் வண்டியை வேண்டாம் என்றது இதனால்தான். இன்னொன்று, விண்டேஜ் எண் வாங்கினால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போக நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பழைய பந்தய இதழ்களைத் தேடுவதும் படிப்பதும்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வரும் இந்தப் படிதான் மற்ற எல்லாப் படிகளின் செலவையும் குறைக்கிறது.

பிரிட்டனின் ‘மோட்டார் ஸ்போர்ட்’ 1924-ல் ‘புரூக்லாண்ட்ஸ் கெஸட்’ என்ற பெயரில் தொடங்கி, மறு ஆண்டு இப்போதைய பெயருக்கு மாறியது. பில் பாடி 1936-லிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் அதன் ஆசிரியராக இருந்தார். அதன் ஐரோப்பிய நிருபர் டெனிஸ் ஜென்கின்சன், 1955-ல் இத்தாலியின் நெடுஞ்சாலைப் பந்தயமான மில்லே மிலியாவில் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, சுருட்டிய காகிதத்தில் எழுதிவைத்த சாலைக் குறிப்புகளைப் பார்த்துக் கைச்சைகையால் வழி சொன்னவர். ஆயிரம் மைலை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் கடந்து அவர்கள் வென்றார்கள். சராசரி மணிக்குச் சுமார் 157 கி.மீ. அந்த அனுபவத்தை அவர் அதே இதழில் கட்டுரையாக எழுதினார். உள்ளே உட்கார்ந்திருந்தவரே எழுதியதால் பிரேக் சூடாவதும் டயர் வழுக்குவதும் அதில் நேரடியாகக் கிடைக்கின்றன. ‘ஆட்டோகார்’ 1895 முதல் வருகிறது. அமெரிக்காவின் ‘ரோடு அண்ட் டிராக்’ 1947-ல் தொடங்கியது. இந்த இதழ்களின் சாலைச் சோதனைப் பக்கங்களில் எடை, வேகம், எரிபொருள் செலவு எல்லாம் அளந்து போட்டிருப்பார்கள்.

மில்லே மிலியா படங்களைப் பார்க்கும்போது உதவும் ஒரு குறிப்பு: காரில் எழுதியிருக்கும் எண், அது புறப்பட்ட நேரம். மாஸின் மெர்சிடிஸில் இருந்த 722, காலை 7:22. சின்ன எஞ்சின் வண்டிகள் முந்தைய இரவிலேயே புறப்படத் தொடங்கிவிடும், பெரிய வண்டிகள் கடைசியில் போகும். 1100 ஃபியட்டின் வேக வடிவமான டி.வி. மாடலும் இந்தப் பந்தயத்தில் ஓடியது. படத்தின் அடிக்குறிப்பு தெளிவாக இல்லாவிட்டாலும் எண்ணை வைத்தே அது எந்த வகுப்பு வண்டி என்று ஊகிக்கலாம்.

நம் பக்கத்தில் தேட வேண்டியது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னை ரசிகர்கள் குவிந்து பந்தயம் பார்த்த இடம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்த பிறகு அங்கே போய்விட்டன. சோழவரத்தில் அம்பாசடரும் ஹெரால்டும் ஃபியட்டும் மோதிக்கொண்ட காட்சிகள் அக்கால நாளிதழ்களிலும் விளையாட்டு இதழ்களிலும் இருக்கின்றன. இந்தியாவில் அச்சாகும் வெளியீடுகளின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் ஒன்று எழும்பூரின் கன்னிமாரா. அங்கே பழைய தொகுப்புகளைக் கேட்டுப் பாருங்கள். செலவே இல்லை.

விலைக்கு வாங்குவதென்றால் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகள், மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபின் பக்கத்து வளாகத்துக்குப் போன பழைய புத்தகக் கடைகள், மும்பை ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதை, டெல்லியின் ஞாயிறு புத்தகச் சந்தை என்று தேடலாம். தனி இதழாகக் கேட்டால் விலை ஏறும். கட்டாக எடுத்தால் இறங்கும். அட்டை கிழிந்ததைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் தகவல் என்பதால் அதுவே நல்ல பேரம்.

ஒரு இதழுக்குள் மூன்று வகைச் சாட்சிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மாதிரி நம்பக்கூடாது. பந்தயப் படம் முதல் வகை. அதில் பம்பரையும் வீல் கப்பையும் எடையைக் குறைக்கக் கழற்றியிருப்பார்கள். அதைப் பார்த்து ‘என் வருஷத்து வண்டிக்குப் பம்பர் இப்படித்தான்’ என்று முடிவெடுத்தால் தவறு. ஆனால் சஸ்பென்ஷன் எவ்வளவு சாய்கிறது, எந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது, பானெட்டுக்குள் கார்புரேட்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் பந்தயப் படம் மாதிரி வேறெதுவும் காட்டாது. விளம்பரம் இரண்டாவது வகை. கையால் வரைந்த படங்களில் காரை உண்மையைவிட நீளமாகவும் தாழ்வாகவும் காட்டுவார்கள். அவற்றை நிறப் பட்டியலுக்கும் துணைக்கருவிகளின் பெயருக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாவது சாலைச் சோதனை. பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி என்பதால் இருக்கைத் துணியின் தையல், மீட்டரின் எழுத்து, டயர் அளவு இவற்றுக்கு இதையே முதல் ஆதாரமாகக் கொள்ளுங்கள். ஒரு விவரத்தை இரண்டு வகைச் சாட்சிகளாவது உறுதி செய்த பிறகு பாகம் வாங்குங்கள்.

வாசகர் கடிதங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வண்டியை வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் எந்த ஆயில் சீல் கசியும், எந்தப் பிடிப்பு தளரும் என்று எழுதிய இடம் அதுதான்.

அச்சு நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். பழைய வண்ண அச்சு மங்கும்போது எல்லா மையும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. உங்கள் வண்டியின் மூல நிறம் வண்டியிலேயே இருக்கிறது. டேஷ்போர்டின் அடிப்பக்கம், கதவு உள் அட்டையின் பின்புறம், டிக்கி ரப்பருக்கு அடியில் சுரண்டிப் பாருங்கள்.

பாதுகாப்பதற்குச் சில வார்த்தைகள். நம் ஊர் ஈரத்தில் காகிதத்துக்கு முதல் எதிரி ராமபாணப் பூச்சி. காற்றோட்டமான அலமாரியில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மடிப்புகளுக்குப் பக்கத்தில் வசம்புத் துண்டு போட்டுவைக்கும் வழக்கம் நல்லதே. துருவேறிய ஸ்டேப்பிள் பின்னை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், இரண்டும் காகிதத்தைத் திரும்ப வராதபடி கெடுக்கும். ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். மூல இதழில் கிரீஸ் கை படக்கூடாது.

பிரிப்பதும் பணத்தைப் பிரிப்பதும்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் மூன்று கோணங்களில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய கவரில் போடுங்கள். முழுதாகப் பிரிக்கப்பட்டு வருடக்கணக்கில் கிடக்கும் வண்டிகள்தான் கடைசியில் காயலான் கடைக்குப் போகின்றன. அதனால் ஒரு பகுதியைப் பிரித்து, முடித்து, பூட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். வண்டி முடிந்தவரை உருளும் நிலையிலேயே இருக்கட்டும்.

கையில் பத்துப் பங்கு பணம் இருந்தால் என் பிரிப்பு இது: பிரேக், டயர், ஸ்டீரிங்குக்கு இரண்டு. துரு நீக்கும் தகர வேலைக்கு மூன்று. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒன்றரை. வயரிங்குக்கு அரை. பெயிண்டுக்கு ஒன்று. மீதி இரண்டும் எதிர்பாராத செலவுக்கு. பலர் பெயிண்டுக்கு நான்கைந்து பங்கு கொடுத்துவிட்டு பிரேக்குக்குக் கடன் வாங்குகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் குறைந்த பணத்தில் வண்டி சாலைக்கு வரும்.

பாகங்களுக்குச் சென்னையில் முதலில் புதுப்பேட்டை, பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிடப் பொருளைக் காட்டிக் கேட்டால் சரியானது கிடைக்கும். பாடியின் லூகாஸ்-டி.வி.எஸ்., செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் என்று மோட்டார் பாகத் தொழில் வேரூன்றிய ஊர் இது. பழைய கடைகளின் மேல் அலமாரியில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. கிடைக்காத புஷ், பின், ஸ்லீவ் போன்றவற்றைக் கோவையின் லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கலாம்.

பிரேக்: எஞ்சினுக்கு முன்னால்

ஓடாத வண்டியை ஓடவைக்கும் ஆசையில் எல்லாரும் எஞ்சினில் கைவைக்கிறார்கள். நிறுத்த முடியாத வண்டியை ஓடவைத்து என்ன பயன்? நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆரம்பகால வண்டிகளில் ஒரே சர்க்யூட் என்பதால் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். ஆகவே நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் எல்லா ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு விஷம். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஷூவைக் கடையில் கொடுத்து ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங் ஒட்டி வாங்கலாம். வீல் சிலிண்டர் குழி விழுந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் போடலாம். புது சிலிண்டர் வாங்குவதைவிட மலிவாகவும் முடியும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயை பிரேக் லைனாகப் பயன்படுத்துவது மட்டும் கூடவே கூடாது. அதிர்வில் விரிசல் விடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் நிறைய இருந்தாலும் பத்து வருடம் ஆன டயரில் ஓட்டாதீர்கள். முன்பக்கக் கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். கிரீஸ் ஏறாத நிப்பிளுக்குப் பின்னால் தேய்ந்த புஷ் காத்திருக்கும்.

உறங்கும் எஞ்சினை எழுப்புதல்

பேட்டரி வைத்து உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து இரண்டு கரண்டி ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு, சமதரையில் ஆள் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். எஞ்சின் சுற்றினால் நல்ல செய்தி. பழைய ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். டேங்கை இறக்கிக் கழுவும் வரை சின்ன கேனிலிருந்து குழாய் போட்டு ஓட்டலாம். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி வண்டி பெட்ரோல் குடிக்கும். கிளீனரில் ஊறவைத்து ஊதுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. அளவில் தொடங்குங்கள். பற்றும் வரிசை 1-3-4-2.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது கரைத்துவிடும். ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்கவும் வைக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டு, மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்து வையுங்கள்.

எஞ்சின் சூடானதும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்து பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் அளவு போதுமானதாக இருந்து, அவற்றுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். ஒன்று குறைவாக இருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். வால்வு கிரைண்டிங்கில் முடியும் வேலைக்கு ‘முழு எஞ்சினையும் போர் பண்ணணும்’ என்று யாராவது சொன்னால், இந்த எண்களைக் காட்டிப் பேசலாம்.

ஃபியட் 1100-ன் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூடு தாண்டினால் ஹெட் வளையும். நம் ஊரில் ரேடியேட்டரில் போர்த் தண்ணீரை ஊற்றியே பழகியதால் உப்பு படிந்து பிளாக்கின் நீர்வழியே அடைத்திருக்கும். ரேடியேட்டரைக் கடையில் பிரித்துச் சுத்தம் செய்வதோடு நிற்காமல், பிளாக்கின் வடிகுழாயைக் கழற்றிச் சேற்றைக் கம்பியால் கிளறி எடுங்கள். பிறகு சுத்திகரித்த நீரில் கலந்த கூலன்ட் மட்டும்.

தகரமும் துருவும்

சில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்துத் தாங்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகு மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, எந்தக் கதவும் வாழ்நாளில் சரியாக மூடாது. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்க் வண்டியை விட்டே போக வேண்டும், பேட்டரி கழற்றப்பட வேண்டும், மணல் வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். டிங்கரிங் செய்பவர் துருவின் மேலேயே புதுத் தகரத்தை ஒட்ட முயன்றால் நிறுத்திவிடுங்கள். நல்ல தகரம் தெரியும் வரை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். பட்டி மெல்லிய படலமாக மட்டும் இருக்கட்டும், இரண்டு மி.மீ.க்கு மேல் போனால் அங்கே தகரத்தைத் தட்ட வேண்டியிருக்கிறது என்று பொருள்.

சின்ன பாகங்களின் துருவை வீட்டிலேயே எடுக்கலாம். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பாகத்தில், பிளஸ் முனை பழைய இரும்புத் துண்டில், இரண்டும் ஒன்றை ஒன்று தொடாமல். மறுநாள் துரு கறுப்பாக உதிர்ந்திருக்கும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் கூடாது, நச்சு குரோமியம் உண்டாகும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். எடுத்ததும் கழுவிக் காயவைத்து அன்றே பிரைமர் அடிக்காவிட்டால் துரு திரும்ப வரும்.

மற்றவை

வயரிங்கில் துணி சுற்றிய பழைய ஒயர் வெடித்திருந்தால் பகுதி பகுதியாக ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள். மூல நிறக் குறியீட்டிலேயே ஒயர் வாங்குங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் பேட்டரிக்குத் துண்டிப்பு சுவிட்சும் வைப்பது சின்னச் செலவு, தீப்பிடிக்கும் ஆபத்தைப் பெருமளவு குறைக்கும்.

குரோம் பாகங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பூச்சுக்குக் கொடுக்கத் தேவையில்லை. மெருகு பேஸ்ட்டால் தேய்த்துப் பாருங்கள், பாதி தேறிவிடும். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபீவா 2012-ல் ஏற்ற டூரின் சாசனம், இருப்பதைக் காப்பதை முதலில் வைக்கிறது, புதுப்பித்தலைப் பிறகு. பணம் குறைவாக இருப்பவருக்கும் அது ஏற்ற வழி. இருக்கையின் மூலத் துணி ஒரு மூலையிலாவது நன்றாக இருந்தால் அதைக் கழுவித் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் கடைசி. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் செலவு குறைவு, பளபளப்பு மிதமாக இருக்கும், பழைய வண்டிக்கு அந்தத் தோற்றமே பொருந்தும், சின்னக் கீறலை வீட்டிலேயே தொட்டுவிடலாம். பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட் நீடித்து உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனர் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் முறையான பூத்தில், சரியான முகக்கவசத்தோடு அடிக்கும் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

முதல் ஓட்டம்

இன்சூரன்ஸ் எடுத்த பிறகு, அதிகாலையில், வீட்டைச் சுற்றி. முதலில் நடக்கும் வேகத்தில் பிரேக் அடித்து வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஐந்து கி.மீ. ஓடியதும் நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே ஷூ ஒட்டிப் பிடிக்கிறது. ஐம்பது கி.மீ.க்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். எஞ்சினைத் திறந்திருந்தால் முதல் 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டு இரும்புத்தூள் வருகிறதா பாருங்கள். தூள் மிகக் குறைவாக, மாவு மாதிரி இருந்தால் புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. கண்ணுக்குத் தெரியும் செதில் வந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஆயில் தொட்டியைக் கழற்றி பேரிங்குகளைப் பாருங்கள்.